அக்கா தங்கின ஓட்டல்

ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். அவன் எழுந்து பல் தேய்ப்பான். பால் காய்ச்சி, காப்பி கலந்து, நின்றபடியே குடிப்பான். குளிப்பான். இரண்டு துண்டு ரொட்டி தின்பான். அடுப்பை அணைத்தோமா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டுவான். அன்றும் அப்படித்தான். தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அவன் மனைவி, நினைவு தப்பி மறுநாளே போய்ச் சேர்ந்ததிலிருந்து எட்டு மாதமாக அப்படித்தான்.

வேலை ஒரு பயண நிறுவனத்தில். வெளிநாடு போகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு வரைக்கும் என்று மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கு உண்மை வரும். மூன்றாவதற்கு வராது. இருப்பவர் பஞ்சப்பாட்டு பாடுவார், இல்லாதவர் ஜம்பம் அடிப்பார். அவன் ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவான். படத்தில் கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மறுபக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது. ஜன்னலைக் காட்டாத அறைக்கு ஜன்னலே கிடையாது. எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

பதினோரு மணிக்கு மைத்துனன் வந்தான். கூடவே மாமியார். மைத்துனனுக்கு இப்போது நல்ல வேலை, கை நிறையச் சம்பளம்.

"மாமா, அம்மாவை வெளிநாடு கூட்டிட்டுப் போறேன். நீங்களும் அக்காவும் போன அதே ஊரு."

"எத்தனை நாள்?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"நாலு நாள். எவ்வளவு ஆனாலும் சரி. அக்கா தங்கின அதே ஓட்டல். முடிஞ்சா அதே ரூம்."

"அது வேணாம்டா. ஒரே சத்தம். பக்கத்துலயே வேற நல்ல இடம் இருக்கு."

"ஏன் மாமா, அங்க உங்களுக்குக் கமிஷன் கம்மியா?"

மாமியார் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெரிய கண்ணாடிக் கதவு, ஆள் உயரப் பூச்சாடி, நடுவில் அவன் மனைவி. தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரிக்கிறாள்.

"தினம் இதைப் பார்த்துட்டுத்தான் படுக்கிறேன் மாப்பிள்ளை. என் பொண்ணு நாலு நாளாவது ராணி மாதிரி படுத்து எழுந்திருச்சா. அந்த மெத்தையில நானும் ஒரு தடவை படுக்கணும். வேற ஒரு ஆசையும் இல்லை."

அவன் கணினியில் அந்த ஓட்டலின் பக்கத்தைத் திறந்தான். அறை இருந்தது. வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லி, இதுதான் எங்கள் அறை என்றால் முடிந்தது. இந்த அம்மாள் யாரோ படுத்த மெத்தையைத் தடவித் தடவி அழுவாள். அவன் அந்தப் பக்கத்தை மூடினான்.

"அத்தை, அவ அங்க தங்கல."

"என்னது?"

"அது சும்மா வாசல்ல நின்னு எடுத்த படம். நாங்க தங்கினது ரெண்டு தெரு தள்ளி. ஆம்பளைங்க ஒரு ஹால், பொம்பளைங்க ஒரு ஹால். ஒண்ணுக்கு மேல ஒண்ணா கட்டில். எட்டுப் பேர். அவளுக்கு மேல் கட்டில்தான் கிடைச்சுது."

"கல்யாணமான புதுசுல, தனித்தனியாவா?" என்றான் மைத்துனன். "கையில காசு இல்லையா மாமா?"

"இருந்துது."

மைத்துனன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "என்னைக் கேட்டிருந்தா கடன வாங்கியாவது அனுப்பியிருப்பேனே!"

ஊரில் சொல்லிக்கொள்ளலாம், போய் அந்த ஓட்டல் வாசலில் நில் என்று அன்று மனைவியை அனுப்பியது அவன்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்தான். காவலாளி வந்து அவளிடம் எந்த அறை என்று கேட்டான். அவள் முகம் சிவந்துபோய் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் யாரோ எவரோ போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

மாமியார் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"கடைசியா அவ 'அம்மா எங்க'ன்னு கேட்டான்னு சொன்னீங்களே. அதுவும் இப்படித்தானா?"

பக்கத்து மேசையில் யாரோ போனை எடுத்து வணக்கம் சொன்னார்கள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லி அந்த ஒன்றையாவது அவளுக்கு விட்டுவைத்திருக்கலாம்.

"கேட்கல அத்தை."

"பின்ன என்னதான் சொன்னா?"

ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் இடம். அவன் மனைவி சக்கர நாற்காலியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த மாதிரி ரூம் வேணும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். அவன் கட்டணப் பலகையை அண்ணாந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பொது வார்டே போடச் சொல்லுங்க. எனக்கு எதுக்குத் தனி ரூமெல்லாம்."