பதியாத பெயர்

பாட்டுக் குழுவுக்குக் 'கரண்ட் கட்' என்று பெயர் வைத்தவன் நிக்கலஸ். கிற்றாரில் மூன்று கோர்ட்ஸ், இரண்டு நிமிடம், தொண்டை கிழியக் கத்தல். அதுதான் அவர்களுடைய பங்க் ரொக். கல்யாண வீடுகளுக்கு அவர்களை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும்.

நிக்கலஸ் காணாமல் போய் ஆறு வருடம் கழித்து, 2002 போர்நிறுத்தத்தில், இரண்டாவது அல்பம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவு. டிரம்ஸுக்குக் கிளறன்ஸ், பேஸுக்கு ஷிப்லி, கிற்றாருக்கு நாகேந்திரம். பாட நிக்கலஸ் இல்லை. அவனுடைய பாட்டுக் கொப்பியைத் தங்கை மாக்ரெட் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பாட்டை நாகேந்திரம் பாட வேண்டும். சோதனைச்சாவடியைப் பற்றியது; "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்று பல்லவி. மூன்று தரம் தொடங்கினான், மூன்று தரமும் பல்லவியில் அழுதுவிட்டான்.

அழாமல் என்ன செய்வான்? தொண்ணூற்றாறில் ஒத்திகைக்காக நிக்கலஸ் வெள்ளவத்தையில் இவன் வீட்டில்தான் தங்கினான். போர்க்காலக் கொழும்பில் தமிழர் வீட்டில் தங்குபவர் பெயரைப் பொலிஸ் படிவத்தில் பதிந்தாக வேண்டும். நிக்கலஸின் அடையாள அட்டையிலோ பிறந்த இடம் போர் நடக்கும் வடக்கின் மன்னார். அதைப் பதிந்தால் தன் கதவையும் தட்டுவார்கள் என்று பயந்தான் நாகேந்திரம். பதியவில்லை. பதிந்துவிட்டேன் என்று வாய் கூசாமல் நண்பனிடம் சொன்னான். பொலிஸ் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதித்தபோது நிக்கலஸ் சிரித்துக்கொண்டே இவனிடம் அந்தப் படிவத்தைக் காட்டச் சொன்னான். அதில் அவன் பெயர் இல்லை. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள், அவன் திரும்பி வரவேயில்லை.

நாகேந்திரம் அழுவதை மாக்ரெட் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்து, தாயின் கதையைச் சொன்னாள். மகன் பதிவில் இருந்தவன் என்று அம்மா ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக மனுக் கொடுக்கிறாளாம். பிடிபடுமுன் அவன்தானே அப்படி டெலிபோனில் சொன்னான். தேடிப் பார்த்துவிட்டு, பெயரே இல்லை, பொய் சொல்லாதே என்று விரட்டுகிறார்களாம். தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று இப்போது அம்மாவுக்கே சந்தேகமாம்.

நாகேந்திரத்துக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"மாக்ரெட், நான்தான் பதியேல்லை. பதிஞ்சனான் எண்டு அவனுக்குப் பொய் சொன்னனான்."

கிளறன்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். ஷிப்லி கசெட் அட்டைக்குப் பெயர்கள் எழுதுவதை நிறுத்தினான். மாக்ரெட் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து அவன்முன் வைத்தாள்.

"அம்மா பொய்க்காரியில்லை எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ அண்ணா. அதுக்குப் பிறகு பாடுங்கோ."

ஷிப்லி பேனாவை நீட்டினான். நாகேந்திரம் முதல் வரியில் நிக்கலஸின் முழுப் பெயரையும், அதன் கீழே அவன் தங்கியிருந்த வெள்ளவத்தை விலாசத்தையும் எழுதினான்.