மூன்று மணிக்குள் இரண்டு ரேம்

சரக்கு ஏற்றுகிறவனுக்கு ஒரே சட்டம்தான். கனமானது முதலில், லேசானது கடைசியில். பதினெட்டு வருடம் லாரி ஏற்றியவன் அதே சட்டத்தோடு மனைவியின் கம்ப்யூட்டருக்குள் இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் துணி துவைத்துவிட்டு வருவதற்குள், பழைய கூலர், பழைய ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ப்ராசஸரின் சூடு தணிக்க இரண்டு செங்கல் பருமனில் ஒரு புதுக் கூலரை அதன் மேல் முடுக்கியிருந்தான். அவள் வாங்கிவரச் சொன்னது மெஷின் வேகமாக ஓட இரண்டு ரேம் மட்டும். கூலர் அவன் சொந்த யோசனை.

"ரேமை எங்க போடுவீங்க?" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். கூலரின் விசிறி, ரேம் செருகும் பள்ளங்களின் மேல் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. புது ரேமோ தலையில் சீப்பு செருகிய மாதிரி உயரம்.

"சாய்ச்சு நுழைச்சா போயிடும்."

"கைய எடுங்க! மதர்போர்டு உடைஞ்சா என் பொழப்பும் உடைஞ்சுது."

அவள் வரையும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வரைபடம் மூன்று மணிக்குள் இன்ஜினியருக்குப் போக வேண்டும். ஆறு வருடம் அடுத்தவர் படத்தில் கோடு திருத்தியவளுக்கு முழுசாகக் கிடைத்த முதல் வேலை. தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். இன்னும் இரண்டு மணி நேர வேலை பாக்கி. பழைய ரேமில் அந்தப் படத்தைத் திறந்தாலே மெஷின் உறைந்துவிடும்.

டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிற அவள் தம்பி, வந்த இடத்தில் சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்தான்.

"கூலரைக் கழட்டிட்டு ரேமைப் போட்டுட்டு மறுபடி மாட்டுங்க மாமா. ஒரு நிமிஷம்."

"கழட்டினா அடியில புதுசா பசை பூசித்தான் மாட்டணும். அது தீந்துபோச்சு, மச்சான்."

"ஒரு டியூப் முழுசாவா? பூச்சு வேலைன்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நல்லா ஒட்டட்டும்னு போட்டேன்."

"ஒட்டியாச்சு. இனி பேரப்பிள்ளைங்கதான் பேத்து எடுக்கணும்."

அவள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விசிறியின் பக்கவாட்டைத் தடவினாள். இரண்டு கம்பிக் கொக்கிகள்தான் அதைப் பிடித்திருந்தன. நெம்பினாள். விசிறி தனியாகக் கையோடு வந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்த கூலரின் பக்கத்தில் பள்ளங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"இது கழண்டு வருமா?" என்றான் அவன்.

"வாங்குனது நீங்க. என்னைக் கேக்குறீங்க?"

ரேமை நேராக வைத்து இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒன்று டக்கென்று உட்கார்ந்தது. இரண்டாவது ஒரு முனையில் மட்டும்.

"இப்ப வாங்க. இதுக்குத்தான் உங்க கை. மெதுவா. இது மூட்டை இல்ல."

மூட்டை தூக்கும் அந்த விரல், குழந்தையின் காதைத் தொடுவதுபோல் போய் அழுத்தியது. டக்.

விசிறியை இரண்டு விரற்கடை உயர்த்தி மறுபடி மாட்டினார்கள். பெட்டியின் கதவு மூடவில்லை.

"கிடக்கட்டும், காத்து வரும்," என்றான்.

"வரும், வரும். பல்லியும் வரும்," என்றான் மச்சான்.

மெஷின் எழுந்தது. படம் உறையாமல் திறந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரைந்தாள். இரண்டு ஐம்பதுக்குப் படம் போனது. மூன்று பத்துக்கு இன்ஜினியர் அழைத்தார். மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றார்கள்.

"படம் சுத்தமா இருக்கும்மா. மாடிப்படிக்குக் கைப்பிடி மட்டும் விட்டுட்டீங்க. போட்டு அனுப்புங்க. பக்கத்துக் கட்டடத்தையும் நீங்களே எடுத்துக்கங்க."

போனை வைத்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கணவனுக்குப் பிடிபடவில்லை.

"கைப்பிடி தானே," என்று தேற்றினான். "செவுத்தப் புடிச்சு ஏறிக்கட்டும்."

"அதானே," என்றான் மச்சான். "விழுந்தா கீழயே ஆஸ்பத்திரி இருக்குல்ல."

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியின் முதல் கோட்டை இழுத்தாள் அவள்.