பையைத் தொட்டவள்

"ராத்திரி பூரா இவ்வளவுதானா?"

கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்த டாக்டர் மேக்னா கேட்டதும், உம்மல் குல்சும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பையின் அடியில் அரை டம்ளர்கூடத் தேறாது.

கணவர் அமீர் ஹம்சா கண்ணை மூடிப் படுத்திருந்தார். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து, நேற்றுதான் ஐசியூவிலிருந்து இந்த அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அம்மா, இதய ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்குக் கிட்னி அடிபடுமுங்க. இவருக்கும் ரத்தத்துல கிட்னி வெளியேத்த வேண்டிய உப்பு கொஞ்சம் ஏறியிருக்கு. இனி மோசமாகுமா, தானா தேறிக்குமான்னு யூரின்லயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம். அந்த டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்."

"மோசமானா?"

"டயாலிசிஸ் வரைக்கும் போகலாமுங்க."

நர்ஸ் இனியா பையின் குழாயிலிருந்து கொஞ்சம் சிறுநீர் எடுத்துக்கொண்டு டாக்டரோடு போனாள். பை காலியாக இருந்த காரணம் அவளுக்குத் தெரியும்.

இன்று விடியற்காலை பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அமீர் ஹம்சா அவளை எழுப்பியிருந்தார். டவுன்ஹால் பக்கம் அத்தர் கடை வைத்திருக்கும் மனுஷன், சட்டையில் ஒரு சொட்டுக் கறை பட்டாலே மாற்றிவிடுவார். "இந்த அசிங்கத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிப் புள்ள தொழறது? ஊத்திப்போட்டு வா. நர்ஸ் புள்ளைகிட்டச் சொல்லி என் மானத்தை வாங்காதே."

முக்கால் பை. குளியலறையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டாள். பையை யாரும் தொடக்கூடாது என்று முந்தின நாளே இனியா சொன்னது, ஏதோ சுத்தத்துக்காகத்தான் என்று நினைத்திருந்தாள்.

இப்போது வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். இவர் முகத்தில் விழிக்க முடியாது. திறக்காவிட்டால்? டெஸ்ட் வரட்டும், அதுவே உண்மையைச் சொல்லிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்தார். "டெஸ்ட் நல்லாத்தான் வந்திருக்கு. கிட்னி மோசமாகாதுன்னு சொல்லுது. ஆனா பை காலியா இருக்கே! அதை விட்டுட்டு இதை மட்டும் நம்பி உக்கார முடியாது. இனியா, நீர் பிரியற ஊசியை ரெண்டு மடங்காப் போடும்மா. ஐசியூவுக்கும் சொல்லிரு."

இனியா ஊசியில் மருந்தை ஏற்றினாள். அமீர் ஹம்சாவின் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நில்லுங்க!" குல்சுமின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "நான்தானுங்க ஊத்திப்போட்டேன். தொழறதுக்காக. முக்கால் பைக்கு இருந்துச்சுங்க."

அமீர் ஹம்சா கண்ணைத் திறந்து அவளை முறைத்தார்.

"அட அம்மணி! அளக்கோணும்னு நாங்க காவல் காக்கறோம், நீங்க கொட்டிப்போட்டு வாரீங்களா?" என்றாள் இனியா.

டாக்டர் ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். "நல்லாப் போயிட்டிருக்கற ஆளுக்கு இதைப் போட்டிருந்தா பிரஷர் இறங்கி, கிட்னி நெசமாவே அடிபட்டிருக்குமுங்க. ஊசியும் வேண்டாம், ஐசியூவும் வேண்டாம். உப்பு இறங்கற வரைக்கும் ஒவ்வொரு சொட்டும் கணக்கு."

மதியம் வரை அமீர் ஹம்சா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியே படுத்திருந்தார். பை மெல்ல நிறைந்தது. குல்சும் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் சொட்டு தாமதித்தாலும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. அமீர் ஹம்சா தொண்டையைச் செருமினார். கண்ணால் பையைக் காட்டினார்.

"மாட்டேனுங்க," என்றாள் குல்சும். கல்யாணமான நாள் முதல் அவரிடம் சொல்லாத வார்த்தை. "அப்படியே தொழுங்க. அல்லா கேட்டா, எம் பேரைச் சொல்லுங்க."