ஒன்பதாம் நம்பர் காட்டு யானை

தலைமையாசிரியை அறைக்கு வெளியே நின்றபோதுதான் சசிரேகா தன் காலைப் பார்த்தாள். அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் இறங்கி, துடைத்து வைத்திருந்த வெள்ளைத் தரையில் ஒரு பொட்டாக நின்றது. அட்டை எப்போதோ குடித்துவிட்டு விழுந்திருக்கும். தேயிலைக் காட்டில் இதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. இங்கே அந்த ஒரு பொட்டு ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது. குடை நுனியால் அழிக்கப் பார்த்தாள், இன்னும் பரவியது. சட்டென்று பாதத்தை அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் மகள் சரிதா நகத்தைக் கடித்தபடி நின்றாள். பத்தாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உள்ள என்ன கேட்டாலும் தலையைத் தூக்கிப் பேசாத" என்றாள் சசிரேகா. பிறகு, "பேசாமலும் நிக்காத" என்றாள். இரண்டில் எதைச் செய்யச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வீட்டுக்கு ஒரு போன் நம்பராவது யானை வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும். வனத்துறை வாட்சரும் போடுவார், தொழிலாளிகளும் போடுவார்கள். ரோட்டில் நிற்கிறது, பேக்டரிப் பக்கம் இறங்குகிறது, பாலத்தைத் தாண்டிவிட்டது. வேறு எதுவும் அதில் வரக் கூடாது. ஒருமுறை பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டவரை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். விடியற்காலையில் கதவைத் திறந்து கொல்லைப் பக்கம் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கை வைப்பார்கள். அந்தக் குரூப்பில் வருவதை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலை சசிரேகா அடுப்படியில் இருந்தாள். வீட்டிலிருந்த ஒரே போனை எடுத்து, ஒன்பதாம் நம்பர் காட்டில் கொம்பன் யானை நிற்கிறது, யாரும் வராதீர்கள் என்று சரிதா போட்டுவிட்டாள்.

காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் மனுவேல் பெயர் கூப்பிட்டு ஆளுக்கொரு காடு பிரித்துக் கொடுப்பார். அன்றைக்கு ஒன்பதாம் நம்பருக்குப் போகவேண்டியவர்களை மட்டும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க அங்கே கொழுந்து எடுத்த சசிரேகாவும் அதில் ஒருத்தி. "உன் நம்பர்லேர்ந்துதானே வந்துச்சு? எங்க பார்த்தே?" என்று கேட்டபோது, "மக பார்த்திருக்கும் சார். எங்க லயன் வீட்டுக்குப் பின்னாடி நின்னா அந்தக் காடு தெரியும்" என்றாள் சசிரேகா. அப்படித்தான் அவளும் நினைத்தாள். அதோடு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். முந்தின நாள் லீவு கேட்டதற்கு, "கொழுந்து ஏறிக் கிடக்குது, லீவு கேக்குறியா?" என்று மனுவேல் விரட்டியிருந்தார். இப்போது யானையே லீவு கொடுத்துவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷன் சுரேந்திரன் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அவள் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் எஸ்டேட்டுக்குள் விஷயம் பரவியது. கொழுந்து எடை போடும் தராசைக் கட்டுவதற்காக அய்யாவு முன்கூட்டியே ஒன்பதாம் நம்பருக்குப் போயிருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. திரும்பி வந்தவர்கள் ரோட்டில் நின்று அவருக்குக் கேட்கும்படி "யானை! யானை!" என்று கத்த, மனுசர் சரிவில் விழுந்தடித்து ஓடி, தண்ணீர் ஓடுகிற கான் பள்ளத்துக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. கூடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஊட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். வாட்சர்கள் காடு முழுக்கத் தேடினார்கள். ஒரு காலடி இல்லை, ஒரு கிளை ஒடியவில்லை. அன்றைக்கு யானைக்கூட்டம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றதாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரிதா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. சசிரேகா இரண்டு அடி போட்டும் சொல்லவில்லை.

இன்று காலை பெரட்டில் சத்தம் அடங்கவே நேரமானது. "மகாராணி ஊட்டுல யானையும் வளர்க்குறாங்க போல. எப்ப வேணா அவுத்து விடுவாங்க" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. மனுவேல் சசிரேகாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆளுங்க கொதிச்சுப் போய் இருக்காங்க. ஸ்கூல்ல கண்டிச்சு நடவடிக்கை எடுத்தாங்கன்னா, சின்னப் புள்ள, படிக்கிற புள்ளன்னு நான் பேசிப் பார்க்கிறேன். இல்லேன்னா ஆபீஸ்லேர்ந்து ஃபாரெஸ்டுக்கும் போலீசுக்கும் போயிரும். அப்புறம் என் கையில இல்லம்மா."

அதனால்தான் அரைநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே நிற்கிறாள். உலகத்தில் எந்தத் தாயும், என் பிள்ளைக்குத் தண்டனை கொடுங்கள் என்று கேட்டுப் பள்ளிக்கூடப் படி ஏறியிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கம்மா" என்றது குரல்.

தலைமையாசிரியை பிலோமி டீச்சர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் வகுப்பாசிரியர் வசந்தகுமார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சசிரேகா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஆனா நீங்களே சொல்லுங்க. சனிக்கிழமை விடியக்காலை. உங்க வீடு. உங்க போன். இதுல ஸ்கூல் எங்க வருது?"

"ரெண்டு நாள் வெளிய நிப்பாட்டுங்க டீச்சர். எல்லார் முன்னாடியும் திட்டுங்க. நீங்க கண்டிச்சாப் போதும், போலீஸ் வேணாம்னு சொல்றாங்க."

"நாங்க நடவடிக்கை எடுத்தா, எங்க பொறுப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒருத்தருக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. நாளைக்கு ஸ்கூல் பேரு பேப்பர்ல வரும். கேட்டைத் தாண்டி நடக்கிறதுக்கெல்லாம் நாங்க பதில் சொல்ல முடியுமாம்மா?"

சசிரேகா மகளைப் பார்த்தாள். இவர்களும் கைவிட்டால் அடுத்தது ஸ்டேஷன். பதினைந்து வயதுப் பெண்ணை எங்கே கூட்டிப்போவார்கள், என்ன கேட்பார்கள், சின்னப் பிள்ளைகளை விசாரிக்க ஊட்டியில் ஏதோ ஆபீசாமே, அங்கே யாரைப் பிடிப்பது? பொதுத்தேர்வு வரும்போது இவள் பெஞ்சில் இருப்பாளா? எண்ணம் ஓடிய வேகத்தில் வாய் தானாகத் திறந்தது.

"மாரியம்மன் திருவிழாவுல பிள்ளைங்க ஆடினதுக்கு மூணு நாள் வெளிய நிக்க வெச்சீங்களே டீச்சர். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அதுவும் கேட்டுக்கு வெளியதான்."

வசந்தகுமார் நிமிர்ந்தார். "அது வேற விஷயம்மா. கழுத்துல ஐடி கார்டு தொங்குச்சு. வீடியோவுல ஸ்கூல் பேரு அப்படியே தெரிஞ்சுது."

"அப்ப கார்டை மாட்டிக்கிட்டு இதைப் போட்டிருந்தா எடுத்துக்குவீங்களா சார்?"

அவள் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே அதற்கு வழி உண்டா என்றுதான் கேட்டாள். வசந்தகுமார் அடுத்த விடைத்தாளை எடுத்தார். பிலோமி டீச்சர் சரிதா பக்கம் திரும்பினார்.

"நீ நல்லாப் படிக்கிற பிள்ளைதானே? எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?"

சரிதா தலையைத் தூக்கி வசந்தகுமாரைப் பார்த்தாள்.

"சார் சொன்னாங்க."

"என்னது? நானா?" பேனா நின்றது.

"அம்மா அப்பா யாரும் மீட்டிங்குக்கு வரலைன்னா திங்கக்கிழமை கிளாஸ்ல உட்கார வேணாம்னு சொன்னீங்க சார். போன தடவை அம்மா வரல. நான் வராண்டாவுலதான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவையும் மனுவேல் சார் லீவு குடுக்கல. காட்டுக்கு யானை வந்தாத்தான் எங்கம்மாவுக்கு லீவு."

வசந்தகுமார் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நான் பொதுவா எல்லாருக்கும் சொன்னது மேடம். அப்படிச் சொல்லலேன்னா ஒருத்தரும் வர்றதில்ல" என்றார், மேஜையைப் பார்த்தபடி. சசிரேகாவுக்குச் சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது. பெருமையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாளே. அப்போது அய்யாவு கானுக்குள் கிடந்திருப்பார். அன்றைக்கு உடுத்தியிருந்த சேலைகூடத் திருடிக் கட்டியது போல உடம்பு கூசியது.

"பெரட்டு எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஏழரைக்கு டீச்சர்."

"நாளைக்கு வர்றேன். வெளிய நிக்க வைக்கிறதெல்லாம் வேணாம். அவ செஞ்சது அந்த ஆளுங்களுக்கு. அவங்க முன்னாடிதான் சொல்லணும். வசந்தகுமார், நீங்களும் வர்றீங்க."

"மேடம், அது ஸ்கூல் டைம் இல்லையே…"

"ஆமா" என்றார் பிலோமி டீச்சர். "இல்லதான்."

வெளியே வரும்போது அவர் குரல் பின்னால் வந்தது. "கால்ல ரத்தம் நிக்கலையேம்மா. ஏதாச்சும் வெச்சுக் கட்டுங்க."

பஸ்ஸை விட்டு இறங்கி லயன் வரை நடக்கிற வழியெல்லாம் சசிரேகா சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். முதலில் அய்யாவு மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லு. அவர் மனைவி ராமாத்தாள் அத்தை இருந்தால் காலில் விழு. மீட்டிங் விஷயத்தைச் சொல்லாதே, இல்லை, சொல்லு. எதைச் சொன்னாலும் யாரோ ஒருவர் போனில் படம் பிடிப்பார். அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்ட பிறகு போலீசுக்குத் தனியாகச் சாட்சி எதற்கு? டீச்சர் பிள்ளையைக் காப்பாற்ற வருகிறாரா, பிடித்துக் கொடுக்க வருகிறாரா? கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டால் வராமல் போய்விடுவாரோ என்றும் பயமாக இருந்தது.

மறுநாள் பெரட்டுக் களத்தில் பனி இறங்கியிருந்தது. எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் சரிவே இல்லாத மாதிரி வெள்ளை. பிலோமி டீச்சர் ரெயின்கோட்டில் வந்தார். பின்னால் வசந்தகுமார், பளபளப்பான ஷூவில் சேறு அப்ப, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தார்.

"டேய், ஸ்கூலே பெரட்டுக்கு வந்துருச்சுடா!" என்றது வரிசையில் ஒரு குரல்.

"சாருக்கும் ஒரு கூடையைக் குடுங்கப்பா. இன்னைக்கு ஆள் பத்தல."

சிரிப்பு எழுந்தது, முன்னால் நின்ற ராமாத்தாளைப் பார்த்ததும் அடங்கியது. மாற்றுத்துணி எடுக்க ஊட்டியிலிருந்து அதிகாலைப் பஸ்ஸில் வந்திருந்தாள். முந்தானையால் தலையை மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். தூங்காத கண்கள்.

"டீச்சர், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்…" என்று மனுவேல் தடுமாறினார்.

"நாங்க போட்ட ஒரு சட்டத்தாலதான் இந்தப் பிள்ளை இப்படிப் பண்ணியிருக்கு. அதை வசந்தகுமார் சார் சொல்லுவாரு. முதல்ல அவ பேசட்டும்."

சசிரேகா மகளின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். தள்ளிய கையை எடுக்க மனம் வரவில்லை. சரிதா தானாகவே ஓரடி நகர்ந்து, ராமாத்தாளுக்கு நேராக நின்றாள்.

"அத்தை, நான்தான்…"

அப்போது போன்கள் அடித்தன. இடுப்பில், சட்டைப் பையில், கூடைக்குள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தமாக, வரிசை முழுக்க. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிற ஒரே செய்தி எந்தக் குரூப்பில் வரும் என்று அங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் யாரும் போனை எடுக்கவில்லை. அத்தனை பேரும் சரிதாவைத்தான் பார்த்தார்கள்.

சரிதா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். வெறும் கை.

இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிக்குள்ளிருந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை சசிரேகா வெளியே எடுத்தாள். வாட்சரின் பெயர். கீழே, ஒன்பதாம் நம்பரில் யானை. அவள் படித்தால் யார் நம்புவார்கள்? போனை மனுவேலிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் மேலே, வெள்ளையாக மூடியிருந்த சரிவைப் பார்த்தார். பனிக்குள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

ராமாத்தாள் மட்டும் சரிவைப் பார்க்கவில்லை. சரிதாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிதா அவற்றை இன்னும் இறக்கவில்லை.