இடப்பக்கம் வளைந்த படகு

மாசி முடிந்து பங்குனி பிறந்த மறுநாள் காலையிலிருந்து, ஆலமேட்டுக்குப்பம் துளசிங்கம் ஓட்டிய படகு இடப்பக்கமாக வட்டமடிக்கத் தொடங்கியது. முதல் மூன்று நாள் அது நடுக்கடலில் வட்டமடித்தது. நாலாம் நாள் முதல், பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டியதும் பெரிய வளைவாக வந்து கரை மணலில் ஏறி நின்றது. பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் இன்ஜினின் விசிறியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு கோணலும் இல்லை என்றார். துளசிங்கத்தின் மச்சான் முத்துராஜ் ஓட்டினால் அதே படகு நூல் பிடித்தாற்போல் போனது. ஒரு வாரத்தில் அது துளசிங்கத்தின் நடைக்கும் வந்துவிட்டது. பஸ் பிடிக்கக் கிளம்பினால், வலப்பக்கம் காலை இழுத்து இழுத்து வைத்தும், கால் மணி நேரத்தில் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார். குறுக்கே சுவர் வந்தால் சுற்றிப் போனார். ஏரித் தண்ணீர் வந்தால் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதில் இறங்கி நடந்தார். யாராவது வலக்கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் மட்டும் நேராகப் போக முடிந்தது. ஆரம்பாக்கத்தில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். காது டாக்டர் ஒருவர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து மாத்திரை எழுதினார். குப்பத்துச் சனம் பத்து நாள் வேடிக்கை பார்த்தது. பிறகு அவர் வரும் நேரம் தெரிந்து, வழியில் காய்கிற வலையைச் சுருட்டி வைக்கப் பழகிக்கொண்டது.

முத்துராஜுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை நடக்கவிட்டுப் பின்னாலேயே போய் நூறு அடிக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டான். வட்டம் முடிந்ததும் எதிரெதிர்க் குச்சிகளுக்கு வலைக்கயிற்றை இழுத்துக் கட்டினான். கயிறுகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிய இடம் ஆமைக் கொட்டகை. அடிபட்டுக் கரை ஒதுங்கும் கடல் ஆமைகளுக்கு வைத்தியம் பார்க்க, பட்டணத்து மீன் காட்சியகம் ஒன்று இரண்டு வருடம் முன்பு போட்ட கொட்டகை அது. நாலு நீலத் தொட்டிகள், கடல்நீர் இறைக்க ஒரு மோட்டார், ஜாக்குலின் என்ற டாக்டர், அவ்வளவுதான்.

“நடுவுல மூணாம் தொட்டிதான் கீது மாமா,” என்றான் முத்துராஜ். “அதுல ஒரு பங்குனி ஆமை. இடது கை இல்லாதது. அது உன்ன இன்னா பண்ணிச்சி?”

துளசிங்கம் வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி பச்சையம்மா இறால் உரித்துக்கொண்டே கேட்டபோது சொன்னார். பங்குனி பிறந்த அன்று, புது வலை, முதல் தடவை கடலில் விட்டது. கவளை மீன் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்த காலை. இழுத்தபோது ஆமை வந்தது. முன்கையில் வலை நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. உயிரோடுதான் இருந்தது. தலையைத் தூக்கி ஒரு மூச்சு வாங்கி அவரைப் பார்த்தது. சிக்கெடுக்க நேரமில்லை, வலையை அறுக்க மனசில்லை.

“கத்தி வலைகிட்டதான் போச்சி,” என்றார். “அப்புறம் கைகிட்ட போச்சி.”

பச்சையம்மா உரித்த இறாலைக் கீழே வைத்தாள். “வலைய அறுத்திருந்தா நான் பின்னித் தந்திருக்க மாட்டேனா?” என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் கிழித்து வந்த வலைகளையெல்லாம் பின்னித் தந்தவள் அவள்.

மறுநாள் காலை அவள் அவர் வலக்கையைப் பிடித்து நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். ஆமைக்குக் கெடுதல் செய்தால் சட்டம் இருப்பதும், ஜெயில் இருப்பதும் இருவருக்கும் தெரியும். ஜாக்குலின் ஓர் ஆமையின் வாயில் குழாய் வைத்துக் கஞ்சி மாதிரி எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, திட்டுவாள் என்று அவர் காத்திருந்தபோது, “எந்தக் கத்திண்ணே? துருப் பிடிச்சதா?” என்று கேட்டாள்.

தூண்டிலுக்கு இரை அறுக்கிற பழைய கத்தி என்றார். அவள் மருந்துப் பெட்டியைத் திறந்து வேறு ஊசி எடுத்தாள். “நாலு வாரமா காயம் ஆறல. இன்னா காரணம்னு தேடிட்டிருந்தேன். முன்னாடியே வந்து சொல்லியிருந்தீங்கன்னா இது இவ்ளோ வலி பட்டிருக்காது,” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அவர் கட்டிலில் படுத்துக் கிடந்த நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு அவள் ஒரு தாளில் நடந்ததை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கி வனத்துறைக்கு அனுப்பினாள். விசாரிக்க வந்த அதிகாரி, அவர் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று எழுதியதை அடித்துவிட்டுப் போனார்.

துளசிங்கம் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். தொட்டிக்கு அருகில் போகப் போக வட்டம் சிறுத்துத் தலை சுற்றியதால், உட்கார்ந்தபடியே கணவாய் நறுக்கினார், பாசி தேய்த்தார். ஆமையும் முதலில் தொட்டிக்குள் இடப்பக்கமாகவே சுற்றியது. ஆடி மாதத்தில் பின்கால்களைச் சுக்கானாக வைத்துத் திருப்பக் கற்றுக்கொண்டது. ஐப்பசியில் நேராக நீந்தியது. ஜாக்குலின் கை தட்டினாள். துளசிங்கம் எழுந்து நாலடி நடந்து பார்த்தார், அவர் வளைவு குறையவில்லை. பத்து மாதத்தில் ஒரு நாள்கூட அந்த ஆமை அவர் கையிலிருந்து ஒரு துண்டு வாங்கித் தின்னவில்லை. அவர் நிழல் தண்ணீரில் விழுந்தால் எதிர்ச் சுவருக்குப் போய்விடும். அவர் நறுக்கியதைப் பச்சையம்மா போட்டால் தின்னும்.

தை பிறந்ததும் கடலில் விட்டார்கள். அது மணலில் வலக்கையால் உந்தி உந்திப் போய் அலைக்குள் இறங்கியது. அன்று மாலை துளசிங்கத்தின் வட்டம் குப்பத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ஒரு வாரத்தில் பஸ் நிறுத்தம் வரை போக முடிந்தது. ஒரு மாதத்தில் கடலுக்கே போனார். ஆமை தூரம் போகப் போக வளைவு நீண்டு, பார்க்கிறவர் கண்ணுக்கு நேர்கோடாகவே தெரிந்தது. அவருக்கு மட்டும் இடக்காலில் ஒரு இழுப்பு தெரிந்தது. காலையில் வலை சுமந்து போகிறவர்கள், வானம் எப்படி என்று கேட்கிற மாதிரி, “எங்க கீது?” என்று கேட்பார்கள். அவர் நாலு தப்படி வைத்துப் பார்த்து, ஆந்திராவைத் தாண்டிவிட்டது என்றோ, திரும்பி வருகிறது என்றோ சொல்வார். ஆமை போகும் இடத்தைக் காட்ட அதன் முதுகில் ஒட்டிய கருவி இரண்டாம் மாதமே கழன்று விழுந்துவிட்டதால், ஜாக்குலின் அவர் சொல்வதைத்தான் நோட்டில் குறித்து வைத்தாள். அடுத்த மூன்று வருடமும் மாசியில் வட்டம் இறுகியது. அந்த நாட்களில் குப்பத்துக்காரர்கள் அந்தப் பக்கம் வலை விடவில்லை. மூன்று பங்குனியிலும் அது கரையேறி முட்டை இட்டுப் போனது. மூன்று கால் பதிந்த தடத்தை விடிந்ததும் போய்ப் பார்ப்பார், பக்கத்தில் போக மாட்டார்.

நாலாம் வருடமும் மாசியில் வட்டம் இறுகியது. முதலில் பத்து மைல், பிறகு இரண்டு மைல். ஒரு வியாழக்கிழமை காலை துளசிங்கம் டீ குடிக்கக் கிளம்பினார். டீக்கடை நேர் எதிரே வந்தது. அவர் நிற்காமல் நடந்தார். மணல் தீர்ந்து முகத்துவாரத்துத் தண்ணீர் வரும் வரை நேராக நடந்தார். இடக்காலில் அந்த இழுப்பு இல்லை. சனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். “சரியாயிடிச்சி, மாமாவுக்கு சரியாயிடிச்சி,” என்று முத்துராஜ் ஓடி வந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

ஜாக்குலின் மூன்று நாள் கரையோரம் நடந்து ஆமையைத் தேடினாள். எதுவும் ஒதுங்கவில்லை. வெளிக்கடலில் எந்த ஊர்ப் படகு, எவர் வலை என்று யாரைக் கேட்பது?

ஐந்தாம் நாள் துளசிங்கம் படகை எடுத்தார். முகத்துவாரம் தாண்டியதும் இன்ஜினின் கைப்பிடியை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். படகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அன்று நல்ல கவளை கிடைத்தது. பச்சையம்மா அதைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தாள்.