கால் அங்குலம் கால் அங்குலமாக

கேலன் பெட்டஸ் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துத் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போனதே தவிர, குரல் போகவில்லை. படகுத்துறையில் நின்று காபி குடிப்பவனிடமும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவது போலவே பேசுவார்.

அந்த வருஷம் பாஸ் மீன் கிளப்பின் ‘ஆண்டின் சிறந்த தூண்டில்காரர்’ பட்டத்துக்கு இரண்டே பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் பெட்டஸ். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி டப் யார்ப்ரோ. கடைசிப் போட்டி அக்டோபர் சனிக்கிழமை. பட்டம் என்பது ஒரு மரப்பலகையும் அதன் மேல் ஒரு பித்தளைத் தகடும்தான். பன்னிரண்டு வருஷமாக அது கிடைக்காமல் பெட்டஸுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

செப்டம்பர் முழுக்கப் படகை வேகப்படுத்தினார். பின்னால் தொங்கும் மோட்டாரை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு குறைவாக அதன் அடிப்பகுதி தண்ணீரில் இழுபடும், வேகம் கூடும். போல்ட்டைத் தளர்த்திக் கால் அங்குலம் ஏற்றுவார், இறுக்குவார், ஏரியில் ஓர் ஓட்டம் ஓடுவார், நோட்டில் எழுதுவார். மணிக்கு அறுபத்தெட்டு மைல். இன்னொரு கால் அங்குலம். அறுபத்தொன்பதரை. பிறகு இருபத்துநாலு பிட்ச் புரொப்பெல்லரைக் கழற்றி இருபத்தாறை மாட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தள்ளும், மோட்டாருக்குத் தெம்பு இருந்தால். எழுபத்திரண்டு. நங்கூரம், கருவிப்பெட்டி, பழைய புரொப்பெல்லர், மனைவி வைத்த குடை எல்லாவற்றையும் கரையில் இறக்கினார். எழுபத்திநாலு புள்ளி இரண்டு! மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள் மட்டும் கொஞ்சம் சோர்ந்து விழுந்தது. அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

இத்தனை ஓட்டமும் ஒரே மாதிரி நாள்களில்தான். அலையில்லாத தண்ணீர், கால் டேங்க் பெட்ரோல், காலியான மீன் தொட்டி, படகில் அவர் ஒருவர்.

“எழுபத்திநாலா?” என்றான் டப். அவன் படகுக்குப் பதினெட்டு வயது, ஐம்பத்திரண்டைத் தாண்டினால் நடுங்கும். “மீனைத் தொரத்திப் புடிக்கப் போறீங்களா மச்சான்?”

“இது இயற்பியல், டப். உனக்குச் சொன்னா வெளங்காது.”

வெள்ளிக்கிழமை சீட்டுக் குலுக்கியதில் பெட்டஸுக்கு ஜோடியாக ஓப்பல் ஸ்ட்ரிக்லண்ட் வந்தார். அதே பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் இருபத்தாறு வருஷம் சமைத்த அம்மாள். பெரிய உடம்பு, பெரிய ஐஸ் பெட்டி, இரண்டு பை. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் டப் தனியாகப் போனான்.

மறுநாள் காலை டேங்க் நிறைய பெட்ரோலோடும் ஓப்பலோடும் படகு கிளம்பியபோது மூக்கைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் உழுதது.

“ஆகாசத்துல மீன் புடிக்கிறோமா சார்?”

“கொஞ்சம் பொறுங்க. வேகம் எடுக்கும்.”

எடுத்தது, ஒருவழியாக. மீனும் கடித்தது. மதியம் ஒரு மணிக்குத் தொட்டியில் ஐந்து மீன், எப்படியும் பதினெட்டு பவுண்டு. பெட்டஸ் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. மூன்று மணிக்குள் துறையில் எடை போட்டுவிட்டால் பலகை அவருடையது. ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கணக்கில் பூஜ்யம்.

இரண்டு மணிக்குத் தெற்கிலிருந்து காற்று எழுந்தது. ஒவ்வொரு அலையிலும் உயரத்தில் தொங்கிய புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுக் காற்றைக் கடைந்தது. மோட்டார் அலறியது, படகு பொத்தென்று உட்கார்ந்தது. நாலாவது தடவை எச்சரிக்கை மணி அடித்தது. குளிர்விக்கத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் தானாகவே நடைவேகத்துக்கு இறங்கிக்கொண்டது.

“ஒரு இஞ்ச் எறக்கி வுடுங்க சார், சரியாப்பூடும்.”

“ஸ்பானர் வேணும்.”

“எடுங்க.”

“வீட்ல இருக்கு. எடை கொறையட்டும்னு…”

ஓப்பல் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “அப்ப என்னையும் வீட்லயே வுட்டுட்டு வந்திருக்கலாமே.”

இன்னும் பத்து மைல், நாற்பது நிமிஷம். படகு பழுதானால் வேறொரு போட்டியாளர் படகில் மீனோடு ஏறி வரலாம் என்று விதி உண்டு. ஆனால் பின்னால் துறைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த ஒரே படகு டப்புடையது. கை காட்டாமல் இருந்தால் அவன் போய்விடுவான். துறையில் மோட்டார் கோளாறு என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். பெட்டஸின் கை மடியிலேயே கிடந்தது. பிறகு எழுந்தது, பாதி மட்டும்.

டப் பக்கத்தில் வந்து நின்றான். “என்ன மச்சான், இயற்பியல் நின்னு போச்சா?”

“டப், எனக்கு… எங்கள ஏத்திக்கிறியா?”

“எத்தன மீனு?”

“அஞ்சு. பதினெட்டு தேறும்.”

டப்பின் தொட்டியில் இருந்தது பதினொரு பவுண்டுதான். புகையிலையை ஏரியில் துப்பினான்.

“ஏன்டா டப், இவர இங்கயே வுட்டுட்டுப் போனா பலகை உனக்குத்தானே?” என்றார் ஓப்பல்.

“தெரியுங்கக்கா. ஆனா துறையில நாப்பது பேரு நிப்பாங்க. மச்சான் என் படகுலேர்ந்து எறங்குறத அத்தன பேரும் பாப்பாங்க. பலகையில அந்தச் சொகம் வருமா? ஏறுங்க, ஏறுங்க.”

பெட்டஸின் படகை அருகே ஏரிக்கரையிலிருந்த ஒரு வீட்டின் படகுத்தளத்தில் கட்டிவிட்டு மூவரும் கிளம்பினார்கள். அலையின் மேல் அலையாக அடி வாங்கியும் அந்தப் பழைய மோட்டார் ஒருமுறைகூடக் காற்றைக் கடையவில்லை. மூன்றுக்குப் பதினொரு நிமிஷம் இருக்கையில் துறை வந்தது. நாற்பது பேர் என்று டப் சொன்னது குறைவு. கைதட்டல் நன்றாகவே இருந்தது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

பதினெட்டு பவுண்டு நாலு அவுன்ஸ். பட்டம் பெட்டஸுக்கு.

டப் தன் படகை வண்டியில் ஏற்றி வெளியே இழுத்து நிறுத்தியபோது பெட்டஸ் மெதுவாக அருகே வந்தார். அவருடைய குரலே இல்லை அது.

“உன் மோட்டார் எத்தன இஞ்ச்ல நிக்குது?”

“யாருக்குத் தெரியும்? கடைக்காரன் மாட்டினது.”

“அளந்ததே இல்லையா?”

“எதுக்கு மச்சான்?”

அந்த வார மாவட்டப் பத்திரிகையில் படம் வந்தது. கிளப் செயலாளர் மூன்று தடவை மைக்கில் கூப்பிட்டும் வெற்றியாளர் வராததால் பலகையைப் பிடித்துக்கொண்டு டப்தான் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால், அவன் படகு நிற்கும் வண்டியின் அடியிலிருந்து, ஒரு ஜோடி ஷூ நீட்டிக்கொண்டிருக்கிறது.