தேன்சிட்டுக் கூட்டில் ஒரு முடி

இடுக்கியின் நுனியில் வந்துகொண்டே இருக்கிறது அந்த முடி, ஒரு விரலளவு, ஒரு சாண், அதற்கு மேலும், கூட்டுக்குள் யாரோ உட்கார்ந்து நீட்டுவதைப் போல, படமெடுக்கும் முன் துருத்திக்கொண்டிருக்கும் தூசி தும்பைப் பிடுங்கிவிடுவது பகவதியின் வழக்கம், அருங்காட்சியகத்தின் பின்னறையில் காலையிலிருந்து ஒவ்வொரு கூட்டையும் அப்படித்தான் துப்புரவாக்கிப் படம் பிடித்தாள், இந்தத் தேன்சிட்டுக் கூட்டிலும் அதையேதான் செய்தாள், விளக்கொளியில் பார்த்தால் முடியின் அடியில் நரை, நுனியில் மருதாணிச் சிவப்பு, இதே நிறத்தில் ஒரு தலையை அவள் வாரிவிட்டிருக்கிறாள். இந்தக் கூடு எங்க கிடைச்சது என்று கேட்டாள், அறையைக் கவனித்துக்கொள்ளும் ஞானசிகாமணி யோசித்தார், வடிவீஸ்வரத்துல ஒரு வீடு மேடம், பின்பக்கம் துணி காயப்போடுத கொடியில தொங்கிச்சாம், பொண்டாட்டி செத்த பொறவு வீட்டைக் காலி பண்ணினவரு கொண்டாந்து தந்தாரு. அக்காவின் வீடு, கொண்டுவந்தது அத்தானேதான், பாவி மனுஷன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா இருந்த நாட்கள் கண்முன் வருகின்றன, அந்தக் கொடிக்கு நேரே அடுப்படி ஜன்னல், ஜன்னலோரம் ஹேமா அக்கா, மருந்து ஏற்றிய உடம்பு, பகவதி சீப்பை வைத்தாலே முடி கொத்துக் கொத்தாக வருகிறது, அக்கா அதை விரலில் சுற்றிப் பந்தாக்கி வெளியே எறிகிறாள், விடுட்டி, இனி எண்ணெயும் சீப்பும் மிச்சம் என்று சிரிக்கிறாள் வேறு, கேமராவைத் தூக்கினால் மட்டும் முகத்தை மூடிக்கொள்கிறாள், இப்ப வேண்டாம்ட்டி, முடி வளரட்டும், அப்ப எடு. வளரவில்லை, படமும் இல்லை, ஊரையெல்லாம் படம் பிடித்தவளிடம் அக்காவின் கடைசி முகம் இல்லை, காரியம் முடிந்த மறுநாள் ஓர் இழையாவது கிடைக்காதா என்று கொல்லை மண்ணைக் கிளறினாள், பைத்தியமா உனக்கு என்றார்கள், எல்லாம் காற்றோடு போயிற்றே என்று அழுதாள், போகவில்லை, இந்தக் கள்ளச் சிட்டு பொறுக்கிக்கொண்டு போய் மெத்தை போட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது.

அழுக்கு மேடம், இழுத்துப் போடுங்க, படத்துல அசிங்கமா தெரியும் என்கிறார் ஞானசிகாமணி, தொடாதீங்க என்று கத்திவிட்டாள், அந்த மனிதர் வெலவெலத்துப் போனார், காலையிலிருந்து தும்பு தும்பு என்று குப்பைக்கூடையில் போட்டாளே, அதெல்லாம் யார் யாருடைய தலையோ, இழுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறாள், ஒரு சாண் மட்டும் உள்ளே போகமாட்டேன் என்று கூட்டின் வாயில் தொங்குகிறது, தொங்கட்டும், அவள் கேமராவுக்குப் பின்னால் குனிந்தாள், அக்கா, இப்ப எடுக்கட்டா என்று கேட்டாள், கேட்ட மூச்சில் அந்த முடி அசைந்தது, அசைவு நிற்கும்வரை காத்திருக்காமல் பொத்தானை அழுத்தினாள்.